முன்பக்கம் "இறக்கிய" மோட்டார் சைக்கிள்! வேகத்தடையில் "டங்" சத்தம்! உண்மையைக் காட்டிய பூ நார்

(நமது நிருபர்)

கொரட்டூர் ஹவுசிங் போர்டு பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. மாலை 6 மணி இருக்கும். மின்சார ரெயிலில் வந்து இறங்கியவர்கள் கையில் டிபன் பாக்சுடன் வீடு திரும்பிக்கொண்டு இருந்தார்கள்.

அப்போது வாலிபர் ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். 350 சி.சி. குரூசர் வண்டி. பளபளப்பான கருப்பு பெயிண்டு. சாய்ந்து உட்கார அகலமான சீட். முன்பக்கம் மட்டும் தரையை முகர்ந்து பார்ப்பதுபோல் தாழ்ந்து இருந்தது.

"அண்ணா, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா முன்னாடி 'டங்'குனு சத்தம் வருது. கொஞ்சம் பாருங்கண்ணா" என்றார்.

மெக்கானிக்குக்கு 50 வயது இருக்கும். அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை. நேராக முன் மட்கார்டு மேல் கை வைத்தார். ஓர் இடத்தில் பெயிண்டு உரிந்து, தகடு நசுங்கி இருந்தது.

"இறக்கினியா தம்பி?"

"ஆமாண்ணா. ஒன்றரை இஞ்ச். வேற கடையில செஞ்சேன். ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. லுக்கு நல்லா இருக்குல்ல?"

"லுக்கு இருக்கட்டும். பின்னாடி யாரு உட்கார்றாங்க?"

"அம்மாதான். விடிகாலைல கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போவோம். வரும்போது மூட்டையும் இருக்கும்."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்!

குரூசர் ஆசை

காலை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்குத்தான் குரூசர் என்று பெயர். 2005-ல் பஜாஜ் அவெஞ்சர் வந்தது. 2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வந்தது. 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியோர் 650 விற்பனைக்கு வந்தது.

நம் ஊருக்கு மோட்டார் சைக்கிள் புதிது அல்ல. 1955-ல் புல்லட் தயாரிப்பதற்காகக் கம்பெனி தொடங்கியதே சென்னையில்தான். திருவொற்றியூர் தொழிற்சாலையின் பெயர் அப்படித்தான் நாடெங்கும் பரவியது. கொரட்டூரைச் சுற்றிப் பார்த்தாலும் பாடி, அம்பத்தூர், ஆவடி என்று வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகள்தான். லேத்து பட்டறை இல்லாத தெருவைத் தேட வேண்டும்.

அதனால் வண்டியில் கை வைக்க நம் ஆட்களுக்குப் பயம் கிடையாது. தைரியம் நல்லதுதான். ஆனால் கணக்கு தெரிந்து கை வைக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

உள்ளே என்ன இருக்கிறது?

முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் இருக்கின்றன அல்லவா? அதுதான் ஃபோர்க். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கி ஏறி இறங்கும். உள்ளே ஸ்பிரிங்கும், ஆயிலும் இருக்கும். குழியில் விழும்போது அடியைத் தாங்குவது ஸ்பிரிங். வண்டி குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஆயில். ஆயிலோடு கூடிய இந்த மாதிரி ஃபோர்க்கை 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் மோட்டார் சைக்கிளில் வைத்தது. இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

மீட்டியோர் 350 வண்டியில் முன் ஃபோர்க் மொத்தம் 130 மில்லிமீட்டர் அமுங்கும். அதாவது 13 சென்டிமீட்டர். சக்கரம் அவ்வளவு தூரம் மேலே ஏறி வர இடம் விட்டுத்தான் கம்பெனிக்காரன் வண்டியைச் செய்கிறான்.

இரண்டு வழி

முன்பக்கத்தை இறக்குவதற்கு இரண்டு வழி உண்டு. இதுபற்றி மெக்கானிக் விளக்கியதாவது:-

"ஹேண்டில்பாருக்குக் கீழே குழாயைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடி மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு இருக்கும். போல்ட்டைத் தளர்த்திக் குழாயை மேலே தள்ளி மறுபடி இறுக்கிட்டா வண்டி இறங்கிடும். செலவே இல்லை. இது முதல் வழி. இந்தத் தம்பி வண்டியில அதைத்தான் செஞ்சிருக்காங்க.

இன்னொரு வழி, ஃபோர்க்கைக் கழட்டி உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை மாத்துறது. ஃபோர்க் முழுசா நீளாதபடி உள்ளே ஒரு துண்டுக் குழாயும் போடணும். இதுல வேலை அதிகம், செலவும் அதிகம்.

முதல் வழியில என்ன ஆபத்துன்னா, குழாயை ஒன்றரை இஞ்ச் மேலே தள்ளினா, கீழ்ப் பிடி ஒன்றரை இஞ்ச் கீழே வந்துடும். சக்கரத்துக்கும் பிடிக்கும் நடுவுல இருந்த இடம் அவ்வளவு குறைஞ்சு போகும். ஆனா அது ஃபோர்க்குக்குத் தெரியாதே! அது பழையபடி 13 சென்டிமீட்டர் அமுங்கத்தான் பார்க்கும். அப்பத்தான் மட்கார்டு போய் இரும்புல இடிக்குது."

இவ்வாறு அவர் கூறினார்.

நார் கட்டிய மெக்கானிக்

வாலிபர் நம்பவில்லை. "சும்மா மட்கார்டுதானேண்ணா. வேணும்னா கழட்டிடலாம்" என்றார்.

மெக்கானிக் சிரித்தார். "உங்க வீட்டுல பூ கட்டுற நார் இருக்குமே, வண்டியில ஒட்டிக்கிட்டு இருக்கா பாரு" என்றார். சீட்டுக்கு அடியில் சிக்கி இருந்த ஒரு துண்டு நார் கிடைத்தது.

ஃபோர்க்கின் பளபளப்பான குழாயைச் சுற்றி அதைக் கட்டினார். இறுக்கமாக அல்ல, நகரும்படி. பிறகு ஆயில் சீல் வரைக்கும் கீழே தள்ளிவிட்டார். "பக்கத்துத் தெரு ஸ்பீடு பிரேக்கர் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வா. நானும் பின்னாடி உட்கார்றேன்" என்று ஏறிக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் சீல் நாரை மேலே தள்ளிக்கொண்டு போகும். நார் நிற்கும் இடம்தான் ஃபோர்க் அமுங்கிய எல்லை.

முன் சக்கரம் தரையில் படாதபடி ஜாக்கி வைத்துத் தூக்கி, டேப்பு வைத்து அளந்தார்கள். நார் 11 சென்டிமீட்டரில் நின்றிருந்தது. மட்கார்டுக்கும் கீழ்ப் பிடிக்கும் இடைவெளியை அளந்தார்கள். அதுவும் 11 சென்டிமீட்டர்!

"பார்த்தியா? நிறுத்தினது ஸ்பிரிங் இல்லை. மட்கார்டு நிறுத்தியிருக்கு. தகடு இன்னும் கொஞ்சம் நசுங்கி டயர்ல பட்டா முன் சக்கரம் பிடிச்சிக்கும். மட்கார்டைக் கழட்டிட்டா டயரே நேரா போய் இரும்புல உரசும். விடிகாலை இருட்டுல, அம்மாவும் மூட்டையும் பின்னாடி இருக்கும்போது அது நடந்தா?"

வாலிபர் வாய் திறக்கவில்லை.

ஹேண்டிலும் மாறும்

இடிப்பது மட்டும் அல்ல. முன்பக்கம் தாழ்ந்தால் ஃபோர்க் சாய்ந்து நிற்கும் கோணமும் மாறிவிடுகிறது. மீட்டியோர் 350 வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1,400 மில்லிமீட்டர் தூரம். ஒன்றரை அங்குலம் இறக்கினால் ஃபோர்க் சுமார் ஒன்றரை டிகிரி நிமிர்ந்துவிடும். கேட்பதற்குச் சின்னக் கணக்கு. ஆனால் வேகத்தில் நேராக ஓடிக்கொண்டு இருந்த வண்டியின் ஹேண்டில் லேசாகி, சின்னத் தொடுதலுக்கும் திரும்பப் பார்க்கும்.

சைடு ஸ்டாண்டிலும் வம்பு வரும். வண்டி தாழ்ந்தாலும் ஸ்டாண்டின் நீளம் குறையவில்லை அல்லவா? சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் பஸ் போனால்கூட மறுபக்கம் சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு.

முன் பிரேக் ஹோசையும், ஏ.பி.எஸ். ஒயரையும் பார்க்க வேண்டும். குழாயின் இடம் மாறும்போது அவை மடங்கியோ உரசியோ நின்றால், பிரேக் தேவைப்படும் நேரத்தில் கை விட்டுவிடும்.

குட்டையானவர்கள் கவனத்துக்கு

"கால் எட்டலை, அதனால இறக்குறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்த வேலை அதிகம் உதவாது.

காரணம், சீட் இருப்பது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில். முன்பக்கத்தை 4 சென்டிமீட்டர் இறக்கினாலும், சீட் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் இறங்கும். அதைவிட சீட்டில் உள்ள பஞ்சைக் குறைத்து டெய்லரிடம் மறுபடி தைத்துக்கொள்வது சுலபம். ஆபத்தும் இல்லை. வாங்கும்போதே சீட் உயரத்தைப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. மீட்டியோர் 350-ல் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். சூப்பர் மீட்டியோர் 650-ல் 740 மில்லிமீட்டர்.

ரோடு இறங்கவில்லையே!

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை அளவு சொல்லி இருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் அலுங்காமல் கடக்க வேண்டும் என்பது கணக்கு.

நம் தெருக்களில் உள்ள வேகத்தடைகளை வாசகர்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம்! அகலம் இல்லாமல் சுவர் மாதிரி எழும்பி நிற்பவைதான் எத்தனை! மழைக்காலத்தில் குழியும் சேர்ந்துகொள்ளும். வண்டியை இறக்கலாம், ரோட்டை யார் இறக்குவது?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்த விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்து தீர்ப்பு கூறியது.

அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போதும் "வண்டியை ஏன் மாற்றினாய்?" என்ற கேள்வி எழும்பலாம்.

ஏற்கனவே இறக்கி ஓட்டுபவர்கள் ஒரு துண்டு நாரோ, ரப்பர் பேண்டோ கட்டிச் சோதித்துப் பார்க்கலாம். மட்கார்டு மேல் உரசல் இருந்தாலும், வேகத்தடையில் சத்தம் கேட்டாலும் அன்றைக்கே பட்டறைக்குப் போவது நல்லது.

பழையபடி ஏறியது

இரவு 7½ மணிக்கு வேலை முடிந்தது. மெக்கானிக் இரண்டு குழாய்களையும் பழைய அளவுக்கு இறக்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று டேப்பு வைத்துப் பார்த்து, போல்ட்டுகளை இறுக்கினார். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தால் அதுவும் ஆபத்தாம்.

மறுபடி அதே வேகத்தடைக்குப் போய் வந்தார்கள். இந்த முறை நார் 12 சென்டிமீட்டர் வரை ஏறி இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. இடிக்க இன்னும் சுமார் 3 சென்டிமீட்டர் இடைவெளி மிச்சம் இருந்தது.

"லுக்கு போச்சேண்ணா" என்று முணுமுணுத்தார் வாலிபர்.

"விடிகாலை எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"மூணு மணிக்கு."

"அந்த இருட்டுல உன் லுக்கை யாருடா பார்க்கப் போறா? அம்மாவைப் பத்திரமா கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா."

வாலிபர் சிரித்துவிட்டார். நாரை அவிழ்க்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.