‘பில்லிக்’ என்னுஞ் சொல்

ஜேர்மன் மொழியைக் கற்போர் முதற் சில வாரங்களிலேயே அறிந்துகொள்ளும் பெயரடைகளுள் ‘பில்லிக்’ என்பதும் ஒன்று. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருளை அச்சொல்லாற் சுட்டுவர். ‘மலிவான’ என்று தமிழிற் பொருளெழுதிவிட்டு மாணவன் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறான். அந்நாட்டுச் சட்டநூலைக் கையிலெடுக்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

1900ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஜேர்மன் குடியியற் சட்டக்கோவையின் 315ஆம் பிரிவைப் பார்ப்போம். ஒப்பந்தமொன்றில் ஒருவர் செய்யவேண்டியது எதுவென நிர்ணயிக்கும் உரிமை ஒரு தரப்பினருக்கே விடப்பட்டிருப்பின், ஐயமுள்ளவிடத்து அவர் ‘பில்லிக்’கான தற்றுணிபின்படியே நிர்ணயித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. தொழிலாளி எங்கே, எந்நேரத்தில் வேலை செய்வதென்று முதலாளி பணிக்கும்போதும் கைத்தொழிற் சட்டம் இதே சொல்லையே அளவுகோலாக வைத்துளது. இதனை ‘மலிவான தற்றுணிபு’ என மொழிபெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். அதனினுங் கேடு, எளியவரைக் காக்கும் சொல்லே மறைந்துபோகும். இங்கே அதன் பொருள் ‘நியாயமான’, ‘இருதிறத்தார் நலனையுஞ் சீர்தூக்கிய’ என்பதாம். நிர்ணயம் அத்தகையதன்றேல் 315ஆம் பிரிவின்படி அது மற்றவரைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றமே தீர்ப்பாற் புதிதாக நிர்ணயிக்கும்.

உண்மையில் இதுவே பழம்பொருள். இடைக்கால ஜேர்மனில் அச்சொல் ‘தகுந்த’, ‘முறையான’ என்றே பொருள்பட்டது. வணிகர் ‘முறையான விலை’ என்று கூறக் கூற, வாங்குவோர் செவிக்கு அது ‘குறைந்த விலை’ என்றே ஒலிக்கலாயிற்று. வாங்குவோனுக்கு இறங்கிய விலையன்றி வேறெவ்விலை நியாயமாகத் தோன்றும்? தமிழின் ‘மலிவு’ வேறு வழியால் வந்தது. மலிதல் என்பது நிறைதல். பண்டம் நிறைந்தால் விலை இறங்கும்.

குறைந்த விலையோடு குறைந்த தரமும் காலப்போக்கில் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டது. 1876இற் பிலடெல்பியாப் பொருட்காட்சிக்குச் சென்ற பொறியியலறிஞர் பிரான்ஸ் றூலோ, தம் நாட்டுப் பண்டங்கள் விலையில் மலிவு, தரத்தில் மட்டம் என இச்சொல்லைக் கொண்டே கடிந்தெழுதியது நாடெங்கும் பெருஞ்சலசலப்பை விளைத்தது. நம்பத்தகாத சாக்குப்போக்கையும் இன்று இச்சொல்லாலேயே இகழ்வர். ஆதலால் நல்ல பண்டத்தைக் குறைந்த விலைக்கு விற்கும் வணிகர் பலர் இதனைத் தவிர்த்து, ‘விலைக்குத் தகுதியான’ எனப் பொருள்படும் ‘பிறைஸ்வேட்’ என்பதை விரும்புகின்றனர்.

எனினும் எதிர்மறை வடிவம் பழமையைக் கைவிடவில்லை. ‘உன்பில்லிக்’ என்றால் விலையுயர்ந்தது என்பதன்று, நியாயமற்றது என்பதே. விலையுயர்ந்ததற்கு ‘தொயர்’ என்ற வேறு சொல் உண்டு. இதிற் பிறந்த ‘பில்லிகன்’ என்னும் வினையும் ‘ஏற்புடையதென ஒப்புதல்’ என்றே பொருள் தரும். விலையைக் குறைத்தலென்று ஒருபோதும் பொருள் தராது.