மூன்வாட்ச் நடவடிக்கை

மூன்வாட்ச் நடவடிக்கை என்பது, புவியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களைப் பொதுமக்களே பார்த்துக் குறித்துத் தருவதற்காக 1956இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தன்னார்வத் திட்டமாகும். சிமித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர் பிரெட் விப்பிள் இதனைத் தொடங்கினார். வேறு பல நாடுகளிலும் குழுக்கள் அமைந்தன. 1975 வரை இது நடைபெற்றது.

செயற்கைக்கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. தரையில் இருட்டிய பிறகும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயிலையே அது எதிரொளிக்கிறது. எனவே மாலை இருட்டியபின் ஓரிரு மணி நேரமும், விடியலுக்கு முன் ஓரிரு மணி நேரமும் பார்ப்பதற்கு ஏற்றவை. சில வேளைகளில் நடுவானில் நகர்ந்துகொண்டிருக்கும் புள்ளி மங்கி மறைந்துவிடும். மேகம் மறைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. அது புவியின் நிழலுக்குள் நுழைந்திருக்கும்.

== நோக்கிய முறை ==
குழுவினர் வடக்கு தெற்காக வரிசையில் அமர்வர். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு தொலைநோக்கி இருக்கும். வானத்தின் உச்சி வழியாக வடக்கையும் தெற்கையும் இணைக்கும் கற்பனைக் கோட்டில், ஆளுக்கொரு பகுதியை அவை காட்டும். பக்கத்துப் பகுதிகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைப்பதால் வேலி போட்டதுபோல் ஆகிவிடும். எந்தப் பொருளும் பார்வைக்குத் தப்பி அக்கோட்டைக் கடப்பது கடினம். கடக்கும் நொடியையும் உயரக் கோணத்தையும் குறித்து அனுப்பினால், பல ஊர்க் குறிப்புகளைச் சேர்த்துச் சுற்றுப்பாதையைக் கணக்கிடலாம். கருவி எளியது, பொறுமைதான் அதிகம் தேவைப்பட்டது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் இசுப்புட்னிக் 1ஐ ஏவியபோது, இதற்கென வடிவமைக்கப்பட்ட பெரிய ஒளிப்படக் கருவிகள் உலகெங்கும் நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆகவே தன்னார்வலர்களின் குறிப்புகள் பெரிதும் உதவின. அந்நாளில் மக்கள் வெறுங்கண்ணால் கண்டது பெரும்பாலும் 58 செ.மீ. விட்டமுடைய அக்கோளத்தை அன்று, உடன் சுற்றிய ஏவூர்தியின் உடற்பகுதியையே.

== மானிட்டோவொக் துண்டு ==
1960இல் ஏவப்பட்ட இசுப்புட்னிக் 4 கட்டுப்பாட்டை இழந்து, 1962 செப்டம்பர் 5 அன்று வளிமண்டலத்தில் விழுந்தது. விடியலுக்கு முன் காத்திருந்த மில்வாக்கி நகரக் குழுவினர் அது எரிந்து சிதறுவதைக் கண்டனர். அதே மாநிலமான விசுகான்சினில் உள்ள மானிட்டோவொக் நகரில், சுமார் 9 கிலோகிராம் எடையுள்ள உலோகத் துண்டு நடுத்தெருவில் பதிந்து கிடந்தது. அதைப் பார்த்த காவலர்கள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வில் அது செயற்கைக்கோளின் பகுதி என உறுதியானது. பின்னர் சோவியத் ஒன்றியத்திடம் திருப்பித் தரப்பட்டது. விழுந்த இடத்தைத் தெருவில் ஒரு பித்தளை வளையம் காட்டுகிறது.

== பிற்காலம் ==
திட்டம் முடிந்தாலும் பழக்கம் முடியவில்லை. இருகண் நோக்கியும் நிறுத்துக் கடிகாரமும் கொண்டு, தெரிந்த இரு விண்மீன்களுக்கிடையே புள்ளி கடக்கும் நேரத்தை ஆர்வலர்கள் இன்றும் அளக்கின்றனர். அரசுகள் வெளியிடாத இராணுவச் செயற்கைக்கோள்களின் பாதைகளையும் இவ்வாறே கணிக்கின்றனர். புதிதாகத் தொடங்குவோருக்குச் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையமே எளிது. அது மினுக்காமல், ஒரே சீராக, சில நிமிடங்களில் வானைக் கடக்கும். நிற விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தால் அது வானூர்தி.