சக்கரமும் காற்றும்

மனிதன் கண்ட பழமையான பொறிகளுள் சக்கரமும் ஒன்று. தரையின் உராய்வை வென்று, பெருஞ்சுமைகளை எளிதில் நகர்த்துவதற்கு அவனுக்குத் துணை நின்றது அதுவே. ஆனால், ஊர்தியின் வேகம் பெருகப் பெருக, அச்சக்கரமே வேறொரு தடையை எழுப்புகின்றது. தரையை வென்ற சக்கரம் காற்றினிடம் இடர்ப்படுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குபவை, சக்கரங்கள் மூடப்படாமல் உடலுக்கு வெளியே நீண்டு நிற்கும் பந்தய மோட்டார் வண்டிகளாகும்.

காற்று கண்ணுக்குப் புலனாகாதது. எனினும், எடை உடையது. எதிர்காற்றில் மிதிவண்டி செலுத்துவோர் அதன் வலிமையை நன்கு உணர்வர். வண்டியின் வேகம் இருமடங்கு ஆனால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகும். அவ்வெதிர்ப்பை வெல்ல இயந்திரம் தரவேண்டிய திறனோ எட்டு மடங்கு ஆகும். பார்முலா-1 என்னும் முதல்தரப் பந்தய வண்டிகள், நேர்ப்பாதைகளில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலும் விரைகின்றன. அவ்வேகத்தில் காற்றே வண்டியின் முதற்பகையாகி விடுகின்றது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. பொருளின் வடிவத்தையும் பொறுத்தது. ஆற்றின் நடுவே நிற்கும் பாலத்தூணை நோக்கினால் இது விளங்கும். தூணின் முன்புறத்தில் நீர் மோதி இரண்டாகப் பிரிகின்றது. பின்புறத்தில் உடனே ஒன்றுகூட இயலாமல், சுழிகளாகச் சுழன்று செல்கின்றது. மீனின் உடலோ பின்னோக்கிப் படிப்படியாகக் குறுகியிருத்தலால், நீர் அதனைத் தழுவியே ஒழுகுகின்றது. சுழிகள் மிகுதியாகத் தோன்றுவதில்லை. பந்தய வண்டியின் உடலை மீன்போல அமைத்தல் கூடும். ஆயின், அகன்ற டயர் பூண்ட சக்கரம் பாலத்தூணை ஒத்ததே. அதன் பின்னால் காற்று கலங்கிச் சுழல்கின்றது. அங்கே அழுத்தம் குறைகின்றது. முன்புறத்திலோ அழுத்தம் மிகுகின்றது. இவ்வேறுபாடே சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும் விசையாகும். திறந்த சக்கர வண்டி ஒன்றின் மொத்தக் காற்றெதிர்ப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இந்நான்கு சக்கரங்களாலேயே விளைகின்றது என்று பொறியியலறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

தூண் அசையாது நிற்பது, சக்கரமோ உருள்வது. உருளும் சக்கரத்தில் வியப்பான இயல்பு ஒன்று உண்டு. தரையைத் தொடும் புள்ளி, தொடும் அக்கணத்தில் அசைவற்று நிற்கின்றது. அச்சு வண்டியின் வேகத்தில் செல்கின்றது. உச்சியோ அதனினும் இருமடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கின்றது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில், சக்கரத்தின் உச்சி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை எதிர்த்துச் செல்கின்றது என்பது இதன் பொருள். இதனால் மேற்புறத்தில் தவழ்ந்து வரும் காற்று, சக்கரத்தை நெடுந்தூரம் தழுவிச் செல்ல இயலாமல், உச்சியை அடையுமுன்பே விலகிப் பிரிந்துவிடுகின்றது.

அடிப்புறத்தில் நிகழ்வது வேறு. சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால், டயருக்கும் தரைக்கும் இடையே ஆப்புப் போன்ற குறுகிய இடைவெளி உண்டு. வண்டியில் அமர்ந்திருப்பவனது பார்வையில், டயரின் மேற்பரப்பும் சாலையும் இரண்டுமே காற்றை அவ்விடைவெளிக்குள் இழுத்துச் செல்கின்றன. உள்ளே புகுந்த காற்றுக்குப் பின்னே செல்ல வழியில்லை. ஆகவே, அது நெருக்குண்டு, இரு பக்கங்களிலும் பீறிட்டு வெளிப்படுகின்றது. ஓடும் காற்று ஒரு சுவரில் மோதி நின்றால் எவ்வளவு அழுத்தம் தோன்றுமோ, அதனினும் மிகுந்த அழுத்தம் இவ்விடத்தில் தோன்றுகின்றது.

சுழலும் பந்து காற்றில் வளைந்து செல்வதை விளையாட்டுத் திடலில் காணலாம். அவ்விதிப்படி நோக்கினால், தரையைத் தொடாமல் காற்றிடையே சுழலும் சக்கரத்தின் மேற்புறம் காற்றை எதிர்க்கின்றது. அடிப்புறம் காற்றோடு செல்கின்றது. எனவே, அதன்மேல் கீழ்நோக்கிய விசை தோன்றுதல் வேண்டும். ஆனால், தரையில் உருளும் சக்கரத்துக்கு இவ்விதி அவ்வாறே பொருந்துவதில்லை. அடியில் காற்று செல்லும் வழியைத் தரை அடைத்துவிடுகின்றது. அதனால் சக்கரத்தின்மேல் மேல்நோக்கித் தூக்கும் விசையே தோன்றுகின்றது. சூழ்நிலையை நோக்காமல் விதியை மட்டும் பற்றிக்கொள்வோர் பிழைபட நேரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவற்றை ஆராய்வதற்குக் காற்றுச் சுரங்கம் பயன்படுகின்றது. அதில் வண்டியின் மாதிரி ஓரிடத்தில் நிறுத்தப்பட்டு, அதன்மேல் காற்று செலுத்தப்படும். சக்கரங்களின் தன்மையை உள்ளவாறு அறியவேண்டுமானால், காற்றின் வேகத்திலேயே ஓடும் அகன்ற பட்டை ஒன்று சாலைபோல அடியில் அமைதல் வேண்டும். அப்பட்டையின்மேல் சக்கரங்கள் உருளுதல் வேண்டும். 1970ஆம் ஆண்டுகளில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேக்ரெல், ஹார்வி என்னும் அறிஞர்கள் இவ்வகை ஆய்வுகளைச் செய்தனர். அவர்கள் ஆராய்ந்த சக்கரம், நிலையாக நின்றபோது ஏற்பட்ட எதிர்ப்பைவிட உருண்டபோது ஏற்பட்ட எதிர்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தூக்கும் விசையும் குறைந்திருந்தது. சுழலாத சக்கரத்தை வைத்துச் செய்யும் ஆய்வு உண்மையைக் காட்டாது என்பது இதனால் உறுதியாயிற்று.

இத்துணை இடர் விளைக்கும் சக்கரங்களை மூடிவிட்டால் என்ன என்னும் வினா இயல்பாக எழும். அவ்வாறு செய்து பார்த்தவர்களும் உண்டு. 1954ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பிரான்சு நாட்டின் ரேம்சு நகரில் நடந்த பந்தயத்தில், செருமனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் டபிள்யூ-196 என்னும் புதிய வண்டியைக் களமிறக்கினர். அதன் நான்கு சக்கரங்களும் வழவழப்பான உலோக உடலுக்குள் மறைந்திருந்தன. ரேம்சுப் பாதை நீண்ட நேர்ச்சாலைகளைக் கொண்டது. அர்ஜென்டினா நாட்டு வீரர் பாஞ்சியோ, பந்தயத்துக்கு முந்திய பயிற்சியின்போதே மணிக்கு 200 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். பந்தயத்தில் அவர் முதலாவதாகவும், அவருடைய தோழர் கிளிங் இரண்டாவதாகவும் வந்தனர். மூடிய சக்கரமே வெற்றிக்கு வழி என்று கண்டோர் கருதினர்.

இரண்டு வாரங்கள்கூட நிறைவுறவில்லை. அதே வண்டி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பாதையில் ஓடியது. அது போர்க்கால விமான நிலையம் ஒன்றில் அமைந்த பாதை. வளைவுகளின் ஓரங்களைக் காட்ட எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தியிருந்தனர். உலோக உடல் மறைத்தமையால், முன்சக்கரங்கள் எங்கே செல்கின்றன என்பது ஓட்டுநருக்குப் புலப்படவில்லை. இணையற்ற வீரராகிய பாஞ்சியோவே பீப்பாய்களின்மேல் மோதினார். வண்டியின் உடல் நசுங்கியது. இறுதியில் அவர் நான்காம் இடத்தையே பெற்றார். ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று, செருமனியின் நூர்பர்க்ரிங் மலைப்பாதையில் நடந்த பந்தயத்தில், திறந்த சக்கரங்களை உடைய டபிள்யூ-196 வண்டியில் ஏறிப் பாஞ்சியோ வென்றார். எனினும், மூடிய உடல் அடியோடு கைவிடப்படவில்லை. வேகம் மிக்க இத்தாலியின் மோன்சாப் பாதையில், அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அதனைக்கொண்டே அவர் வெற்றி பெற்றார். காற்றை வெல்லும் வடிவம் நேர்ச்சாலைக்கு உதவியது. கண்ணுக்குத் தெரியும் சக்கரம் வளைவுக்கு உதவியது.

பின்னர், பார்முலா-1 வண்டிகளில் சக்கரங்களை மூடலாகாது என்னும் விதியே ஏற்பட்டது. ஆகவே, பொறியியலறிஞர் சக்கரத்தை மறைப்பதை விடுத்து, காற்றை வழிநடத்தும் கலையில் ஈடுபட்டனர். வண்டியின் முன்னிறகு, சக்கரத்தில் நேரே மோத வரும் காற்றை மேலும் பக்கத்திலும் திருப்பிவிடுகின்றது. சக்கரங்களின் பின்னே எழும் கலங்கிய காற்று வண்டியின் அடிப்புறத்துக்குள் புகுந்தால், வண்டியைத் தரையோடு அழுத்தும் விசை குறையும். ஆதலால், அதனை வெளிப்புறமாக ஒதுக்குவதும் இன்றியமையாததாயிற்று. அவ்வாறு ஒதுக்கிய காற்றோ, பின்தொடரும் வண்டிக்கு இடையூறு ஆயிற்று. இக்குறையைத் தணிக்கும் பொருட்டு, 2022ஆம் ஆண்டு விதிகளில் சக்கரங்களின் பக்கங்களுக்கு மூடிகளும், முன்சக்கரங்களின் மேலே சிறு இறகுகளும் சேர்க்கப்பட்டன.

திறந்த சக்கரத்தால் நேரும் இடையூறு காற்றோடு முடிவதன்று. உருளும் சக்கரத்தின் பின்புறம் மேல்நோக்கி எழுவது. பின்னே வரும் வண்டியின் முன்சக்கரம் அதனைத் தொட்டால், அது அவ்வண்டியை வானில் தூக்கி எறியக்கூடும். 2010ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் நடந்த பந்தயத்தில், ஆஸ்திரேலிய வீரர் மார்க் வெப்பரின் வண்டி முன்சென்ற வண்டியின் பின்சக்கரத்தில் மோதி, மேலெழுந்து தலைகீழாகக் கவிழ்ந்தது. நல்வாய்ப்பாக அவர் உயிர் பிழைத்தார். மோதலின்போது சக்கரங்கள் கழன்று பாய்ந்து, பார்ப்போரையும் பணியாளரையும் தாக்கக்கூடும் என்பதால், 1999ஆம் ஆண்டு முதல் பார்முலா-1 வண்டிகளின் சக்கரங்கள் வலிய கயிறுகளால் உடலோடு பிணைக்கப்பட்டு வருகின்றன.

ஆகவே, திறந்த சக்கரம் என்பது காற்றின் கணக்கால் மட்டும் தீர்க்கப்படும் பொருளன்று. வேகம், ஓட்டுநரின் பார்வை, உடன் ஓடுவோரின் நலம், காண்போரின் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்தே பொறியியலறிஞர் முடிவு செய்தல் வேண்டும். ஒன்றை மட்டும் கருதிச் செய்த வண்டி ரேம்சில் வென்றது. அதுவே சில்வர்ஸ்டோனில் பீப்பாயில் மோதியது. பொறியின் சிறப்பு அதன் வேகத்தில் மட்டும் இல்லை. அதனைச் செலுத்தும் மனிதனுக்கு அது பொருந்தியமைவதிலும் உள்ளது.