புல் வெட்டும் இயந்திரம் கற்றுத் தந்த பாடம்

பணி ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். எந்தக் காரியத்தைப் பார்த்தாலும் ‘இதை வேறு விதமாகச் செய்யலாமே’ என்று தோன்றும். 2019-ல் ஓய்வு பெற்றுச் செம்பூரில் முழுநேரமாகக் குடியேறிய எனக்கும் இவ்விரண்டும் இருந்தன. இரண்டாவது தொல்லையால் நேர்ந்த ஓர் அனுபவத்தை நம் சங்க அன்பர்களிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் சொசைட்டிக் கட்டடங்களைச் சுற்றிக் கொஞ்சம் திறந்தவெளி உண்டு. மும்பை மழையை அறிந்தவர்களுக்கு மும்பைப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் மழை பிடித்தால் ஜூலை முடிவதற்குள் முழங்காலுக்கு வந்துவிடும். அழகுக்காக மட்டும் அதை வெட்டுவதில்லை. புதர் மண்டினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், அதன் பிறகு நகரில் எலிக்காய்ச்சல் பரவியதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ரயில்வேயிலும் புல் எங்களுக்கு வேலை வைத்தது. பாதையோரம் புல் உயர்ந்தால் வளைவில் சிக்னல் மறையும், மழைநீர் வடியாது, கோடையில் காய்ந்து தீப்பிடிக்கும். கேங்மேன்கள் வரிசையாக நின்று அரிவாளால் அறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து வளர்ந்த உத்தியோகம் என்னுடையது.

மீன்பிடி நரம்பிலிருந்து பிறந்த கருவி

எங்கள் சொசைட்டியில் மழைக்கு இரண்டு முறை புல் அறுக்கத் தாராவியிலிருந்து ஓர் அம்மாள் வருவார். திருநெல்வேலிப் பக்கம். பன்னரிவாளோடு வந்து உட்கார்ந்தால் இரண்டு நாளில் இடம் துப்புரவாகிவிடும். 2020-ல் ஊரடங்கு வந்தது. அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். ஜூலையில் புல் இடுப்பளவு நின்றது. கமிட்டியில் நான் யோசனை சொன்னேன். கடைகள் திறந்த பிறகு நாக்தேவி தெருவுக்குப் போய், பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். பிரஷ் கட்டர் என்பார்கள். நீண்ட குழாயின் ஒரு முனையில் சிறிய எஞ்சின், மறு முனையில் சுழலும் தலை, தோளில் மாட்ட ஒரு வார்.

அந்தத் தலையில் கத்தி கிடையாது, நைலான் நரம்புதான். ‘நரம்பு எப்படிப் புல்லை வெட்டும்?’ என்று பேரன் கேட்டான். கவணைச் சுழற்றும்போது கயிறு விறைத்து நிற்கிறதல்லவா, அதே கதைதான். சும்மா இருக்கையில் துவளும் நரம்பு, வேகமாகச் சுழன்றால் கம்பிபோல் விறைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலஸ். நடனப் பள்ளி நடத்தியவர். 1971-ல் கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. ஒரு தகர டப்பாவில் துளை போட்டு, மீன்பிடி நரம்பைக் கோத்து, தோட்டக் கருவி ஒன்றின் மோட்டாரில் பொருத்திச் சுழற்றிப் பார்த்தார். மரத்தின் அடியிலும் சுவரோரமும் கத்தி நுழைய முடியாத இடத்துப் புல்லெல்லாம் அறுபட்டது.

எனக்கு இயந்திரம் ஒரு வாரத்தில் கைவசமாயிற்று. பழைய ரயில்வே பூட்ஸை மாட்டிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு இறங்குவேன். இரண்டு நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. பால்கனியிலிருந்து பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும்போது இடது வில்லையில் நட்சத்திரம்போல் ஒரு கீறல் தெரிந்தது. ஏதோ பட்டிருக்கிறது என்று வில்லையை மாற்றிக்கொண்டேன். அதோடு மறந்தும் போனேன்.

ஒரு கல்

2021 மழைக்கு அந்த அம்மாள் திரும்பி வந்தார், கூடவே இருபது வயது மகனும். அரிவாளுக்கு இனி வேலையில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ‘தம்பிக்கு மெஷினைக் கற்றுத் தருகிறேன், கூலி குறையாது’ என்றேன். பையன் சூட்டிகை. ஸ்டார்ட் செய்வது, நரம்பு மாற்றுவது எல்லாம் ஒரே நாளில் பழகிக்கொண்டான். காலில் ரப்பர் செருப்பு. ‘பூட்ஸ் போடலாமே தம்பி’ என்றதற்கு, ‘பழகிப்போச்சு ஐயா’ என்றான். நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு காலை. மதிலோரம் வெட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் இரத்தம். புல்லுக்குள் கிடந்த ஜல்லி ஒன்று தெறித்துப் புருவத்தைக் கிழித்திருந்தது. நான்கு தையல். ‘அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்’ என்றார் டாக்டர்.

மருத்துவமனை வராந்தாவில் அந்த அம்மாள் என்னிடம் சண்டை போடவில்லை. ‘அருவா தப்புனா கையில காயம். இது எங்க தப்பும்னே தெரியலியே ஐயா’ என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நரம்பின் நுனி மையத்திலிருந்து 20 செ.மீ. நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்தால், நுனியின் வேகம் விநாடிக்கு 125 மீட்டர், அதாவது மணிக்கு 450 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் சோதனை ஓட்டத்தில் தொட்டதே 180தான்! அந்த வேகத்தில் அடிபட்ட கல் கவண்கல் அல்லாமல் வேறென்ன? என் கண்ணைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் அல்ல, என் கிட்டப்பார்வை. முந்தின ஆண்டு வில்லையில் விழுந்த நட்சத்திரம் எனக்குச் சொன்ன செய்தியை நான் படிக்கவில்லை. பணியில் இருந்தபோது பாதுகாப்பு விதிகளைக் கேங்மேன்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவன், வீட்டு வாசலில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் இயந்திரத்துக்குக் கொடுத்த எனக்குச் சில நூறு ரூபாய்க் கண்ணாடி செலவாகத் தோன்றியிருந்தது.

சிகிச்சைச் செலவையும் வேலைக்கு வராத நாட்களின் கூலியையும் சொசைட்டி ஏற்றது. முகமறைப்பு, பூட்ஸ், கையுறை, காதடைப்பு எல்லாவற்றையும் நான் வாங்கினேன். முன்பே வாங்கியிருக்க வேண்டியவை.

வாங்க நினைப்பவர்களுக்கு

தானேயிலும் நவி மும்பையிலும் வசிக்கும் அன்பர்கள் பலர் இதுபோன்ற கருவியை வாங்கக்கூடும். ஆகவே சில குறிப்புகள்:

1. வெட்டும் முன் இடத்தைச் சுற்றி நடந்து கல், கம்பி, பாட்டில் துண்டுகளைப் பொறுக்குங்கள். பத்து நிமிட வேலை.

2. 15 மீட்டர் சுற்றளவுக்குள் யாரும் நிற்கக் கூடாது. நிறுத்திய கார்களையும் கவனியுங்கள்.

3. முகத்துக்கு மறைப்பு, காலுக்கு மூடிய பூட்ஸ், முழுக்கால்சட்டை, காதடைப்பு அவசியம். தலைக்கு மேலுள்ள தடுப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். சுவரோரம் நரம்புதான், இரும்புத் தகடு கூடாது.

4. தலையில் புல்லோ பிளாஸ்டிக் கயிறோ சிக்கினால், எஞ்சினை நிறுத்திய பிறகே கை வையுங்கள்.

5. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. உங்கள் இயந்திரத்துக்கு எது என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் கலக்கவே கூடாது.

6. இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலக் காற்றில் கேட்க வேண்டுமா? ஆகவே கொஞ்சமாகக் கலந்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். மழை முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லையேல் அடுத்த ஜூனில் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

7. பெட்ரோலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வைக்காதீர்கள். மூடியுள்ள உலோக டின் வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகே ஊற்றுங்கள்.

அந்தத் தம்பி இப்போது சொந்தமாக ஓர் இயந்திரம் வைத்திருக்கிறான். செம்பூரில் நாலைந்து சொசைட்டிகளுக்கு அவன்தான் புல் வெட்டுகிறான். புருவத்தில் தழும்பு இருக்கிறது. போன மழையில் அவன் வெட்டுவதைப் பார்க்க நான் கொஞ்சம் நெருங்கிவிட்டேன். உடனே எஞ்சினை அணைத்து, முகமறைப்பைத் தூக்கி, ‘ஐயா, தள்ளி நில்லுங்க. பதினஞ்சு மீட்டர்’ என்றான்.

நான் தள்ளி நின்றேன். அன்பர்களே, இயந்திரம் வாங்கும் பில்லிலேயே அதைப் பிடிப்பவரின் கண்ணுக்கும் காலுக்கும் உரியதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதைப் பிடிப்பவர் பெரும்பாலும் நாமாக இருக்க மாட்டோம் என்பதாலேயே சொல்கிறேன்.