முதியோரின் இடுப்பு முறிவு: காலம் தாழ்த்தலாமா?

முதுமையில் நேரும் துன்பங்களுள் எதிர்பாராமல் வந்து குடும்பம் முழுவதையும் நிலைகுலையச் செய்வது இடுப்பு எலும்பு முறிவாகும். விடியற்காலைப் பூசைக்குப் புறப்படும் அவசரத்தில் குளியலறை ஈரம் காலை வாரிவிடுகிறது. நள்ளிரவில் விளக்கைப் போடாமல் எழுந்த பாட்டி வாயிற்படியில் தடுக்கி விழுகிறார். எலும்பு வலுவிழந்துவிட்டால், நின்ற நிலையிலிருந்து விழுவதே முறிவுக்குப் போதுமானது. தொடை எலும்பு இடுப்போடு பொருந்தும் மேற்பகுதியே இவ்வாறு முறிகிறது.

இத்தகைய இல்லங்களுக்கு நாம் செல்லும்போது இரண்டு கேள்விகள் எழக் காண்கிறோம். "இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா, சாமி?" என்பது ஒன்று. "இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, கத்தி வைத்தால் இரத்தம் நிற்குமா?" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் எழும் கேள்விகளே. ஆயினும் விடை தேடாமல் நாள்களைக் கடத்துவது, நாம் காக்க விரும்பும் அந்த முதியவருக்கே கேடாய் முடிகிறது.

படுக்கையே பகை

நம் புதுச்சேரியிலேயே நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வோம். 1938 நவம்பர் 24 அதிகாலையில் ஸ்ரீ அரவிந்தர் தம் அறையில் தடுக்கி விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்து துன்புற்றார். அப்போது அவருக்கு வயது 66. முறிவு இடுப்பில் அன்று, முழங்காலுக்கு மேலே ஏற்பட்டது. அறுவை சிகிச்சை செய்யாமல், காலை அசையாது நிறுத்திப் பல வாரங்கள் படுக்கையில் வைத்தே மருத்துவர்கள் குணப்படுத்தினர். பின்னர் அவர் சிறிது சிறிதாக நடை பழகினார். பாஸ்டன் நகர மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன் இடுப்பு முறிவை ஆணியால் பொருத்தும் முறையை 1931-இல்தான் வெளியிட்டிருந்தார். ஆதலின் எலும்பு முறிந்தவரை நெடுநாள் படுக்க வைப்பதே அன்றைய வழக்கமாயிருந்தது.

இன்று நிலைமை வேறு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் காண்கிறது, முதுகில் புண் உண்டாகிறது, கால் நாளங்களில் இரத்தம் கட்டியாகிறது, சித்தம் கலங்குகிறது. இடுப்பு முறிந்த முதியோருள் ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. எனவே ஓரிரு நாள்களுக்குள் அறுவை செய்து எழுப்பி நிறுத்துவதே இன்றைய மருத்துவ நெறி.

இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளரைக் கொண்டு நடந்த பெரும் ஆய்வு ஒன்று 2020-இல் வெளியாயிற்று. ஆறு மணி நேர அளவில் அறுவை பெற்றோரும், ஒரு நாள் அளவில் பெற்றோரும் அதில் ஒப்பிடப்பட்டனர். இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் விரைந்து அறுவை பெற்றோருக்குச் சித்தக் கலக்கம் குறைவாக இருந்தது. அவர்கள் முன்னதாகவே எழுந்து நின்றனர். மணிக் கணக்கிற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் வாரக் கணக்கில் காத்திருக்கவும் கூடாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

புத்தூர்க் கட்டை நாடுவோரும் நம்மிடையே உண்டு. கை முறிவுக்கு அதனால் பயன் பெற்றதாகச் சொல்வோர் இருக்கலாம். ஆனால் இடுப்பின் ஆழத்தில் முறிந்த எலும்பை வெளியே போடும் எந்தக் கட்டும் பிடித்து நிறுத்தாது.

மாத்திரை தடையாகுமா?

இம்மாத்திரைகள் இரத்தத்தை உண்மையில் நீர்க்கச் செய்வதில்லை. அது உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. இதயத் துடிப்பு சீரற்றவர், செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர், இதய நாளத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர் ஆகியோருக்கு இவை உயிர்க்காவலாகும். அறுவைக்கு அஞ்சி வீட்டிலேயே இவற்றை நிறுத்திவிட்டுப் பல நாள் காத்திருந்தால் பக்கவாதம் வரக்கூடும். வால்வில் இரத்தம் கட்டியாகவும் கூடும்.

எல்லா மாத்திரையும் ஒன்றன்று. ஆஸ்பிரினுக்காக அறுவையை ஒத்திவைப்பதில்லை. குளோபிடோக்ரெலின் வேகம் தணிய ஐந்து முதல் ஏழு நாள்கள் ஆகும். ஆயினும் பொதுவாக அதற்காகக் காத்திராமல், முதுகுத்தண்டு ஊசிக்குப் பதில் முழு மயக்கம் கொடுத்து அறுவை செய்வர். வார்ஃபரின், அசிட்ரோம் உண்பவருக்கு ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை செய்து, வைட்டமின் கே மருந்தை நாளத்தில் செலுத்துவர். பெரும்பாலும் ஒரு நாளளவில் இரத்தம் உறையும் தன்மை மீளும். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டபிகாட்ரான் ஆகிய புதிய மருந்துகளுக்குக் கடைசி மாத்திரை உண்ட நேரமும் சிறுநீரகத்தின் நிலையுமே முக்கியம். பெரும்பாலும் ஓரிரு நாளில் வழி பிறக்கும். ஆகவே மாத்திரை அறுவைக்குத் தடையன்று. மருத்துவர் முதலிலேயே அறியவேண்டிய செய்தி அது.

நம் குடும்பங்கள் செய்யவேண்டியது

பிரான்சில் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் புதுச்சேரியில் பல. அங்கிருந்து வரும் மருந்துகளின் பெயர்கள் இங்குள்ள மருத்துவருக்குப் பழக்கமில்லாதிருக்கலாம். பிரெவிஸ்கான் என்பது வார்ஃபரினைப் போலச் செயல்படுவது. கார்டெஜிக் என்பது நீரில் கரைத்துக் குடிக்கும் தூள்; அதுவும் ஆஸ்பிரின் வகையே. தூள்தானே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மருந்தின் பெயர், அளவு, உண்ணும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியோடு வையுங்கள். விழுந்த அன்றே அதைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

"பாரிசிலிருந்து மூத்தவன் வந்து முடிவு செய்யட்டும்" என்று காத்திருப்பதும் வேண்டாம். தொலைபேசியில் கலந்து பேசி அன்றே இசைவு தரலாம். அறுவைக்குப் பின், "நிறுத்திய மாத்திரையை எந்த நாள் மீண்டும் தொடங்குவது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் இசைந்தால் மறுநாளே கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்துங்கள். வீட்டிலோ, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், இரவில் ஒரு சிறு விளக்கும் மறவாதிருங்கள்.

குருவானவரை அழைத்தால் நோயாளி அஞ்சுவாரே என்று தயங்குவோரும் உண்டு. அவஸ்தைப் பூசுதல் என்று முன்னாளில் வழங்கிய பெயரே அந்த அச்சத்துக்குக் காரணம். நோயிற்பூசுதல் சாகப்போகிறவருக்கு மட்டும் உரியதன்று. கடுமையான அறுவைக்கு முன்பும் அதைப் பெறலாம். பெற்றோரைப் பேணும் நான்காம் கட்டளை, அவர்கள் கீழே விழுந்த நாளிலும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. அந்நாளில் அவர்களுக்கு வேண்டியது தாமதமில்லாத அன்பே.