காம்பவுண்ட் சுவர் கட்டப் போறீங்களா? கொத்தனாருக்கு முன்னாடி சர்வேயரைக் கூப்பிடுங்க

அம்பத்தூர் ஓரகடத்துல உங்களுக்கு 40-க்கு 60 மனை இருக்குன்னு வைங்க. மொத்தம் 2,400 சதுர அடி, சரியா ஒரு கிரவுண்டு. பக்கத்து மனைக்காரர் காம்பவுண்ட் எழுப்பும்போது 6 அங்குலம் உங்க பக்கம் தள்ளிக் கட்டிட்டார். மேஸ்திரியைக் கேட்டா "அரை அடிதானே சார், விடுங்க" என்பார்.

60 அடி நீளத்துக்கு அரை அடின்னா 30 சதுர அடி. கணக்குக்காக சதுர அடி 6,000 ரூபாய்னு வெச்சா 1,80,000 ரூபாய். மாசம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுறவர் மூணு வருஷம் கட்டுற அசல் அது. மியூச்சுவல் ஃபண்ட்ல அரை சதவீத கட்டணத்துக்கு அவ்வளவு யோசிக்கிற நாம, இந்த அரை அடியை "பக்கத்து வீடு, எதுக்கு வம்பு"ன்னு விட்டுடறோம்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். சுவர் எங்க இருக்கோ அதுதான் எல்லைன்னு கிடையாது. எல்லையைச் சொல்றது பத்திரத்துல இருக்கிற செக்குபந்தியும் அளவுகளும், வருவாய்த்துறையோட நில அளவை ஆவணங்களும்தான். எஃப்.எம்.பி. வரைபடம், டவுன் சர்வே நடந்த இடமா இருந்தா டி.எஸ்.எல்.ஆர். நகல், பட்டா, லேஅவுட் வரைபடம் எல்லாத்தையும் பத்திரத்தோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. பட்டாவும் எஃப்.எம்.பி.யும் அரசு இ-சேவை தளத்துலயே பார்க்கலாம்.

நம்ம ஏரியால இதுல ஒரு தனிக் குழப்பம் உண்டு. பழைய தாய்ப்பத்திரத்துல செங்கல்பட்டு மாவட்டம்னு இருக்கும். 1997-க்கு அப்புறம் எழுதினதுல திருவள்ளூர் மாவட்டம்னு இருக்கும். 2018-ல அம்பத்தூர் தாலுக்கா சென்னை மாவட்டத்துக்கு வந்துடுச்சு. ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் திருவள்ளூர்லதான். மாவட்டப் பெயர் மாறியிருக்கேன்னு பயப்பட வேண்டாம். ஆனா சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் மாறியிருந்தா, பழைய எண் எது, புது எண் எதுன்னு பார்க்காம மேல போகக் கூடாது.

பேப்பர் சரி, தரையில கல் எங்கன்னு தெரியலையா? தாலுக்கா சர்வேயரை வெச்சு அளக்கணும். இதுக்கு 'அத்துக்காட்டல்'னு பேரு. கட்டணம் கட்டி மனு போடணும், ஆன்லைன்லயும் போடலாம். தனியார் சர்வேயர் சீக்கிரம் வருவார், உங்க சொந்தத் தெளிவுக்கு அவர் போதும். ஆனா பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கலைன்னா, அரசு சர்வேயர் அளந்த கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். அளக்கிற அன்னிக்கு அவரையும் கூப்பிட்டு நிக்க வைங்க. இதுல பாதி சண்டை அங்கயே முடிஞ்சுடும்.

அடுத்தது சுவரோட தடிமன். இதை யாருமே கணக்குல எடுக்கிறதில்லை. 9 அங்குல செங்கல் சுவரை முழுசா உங்க மனைக்குள்ளயே கட்டினா 60 அடிக்கு 45 சதுர அடி சுவருக்கே போயிடும். நிலம் உங்களுதுதான், ஆனா பயன்படாது. ரெண்டு பேரும் பேசி எல்லைக்கோட்டு மேல பொதுச்சுவரா கட்டினா ஆளுக்கு நாலரை அங்குலம்தான் போகும், செலவும் பாதி. ஆனா வாய்ப்பேச்சா விடாதீங்க. சுவர் பொது, செலவு இவ்வளவு, யாரும் தனியா இடிக்கவோ உயர்த்தவோ கூடாதுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா நாளைக்கு வீட்டை வாங்குறவர் "இது என் சுவர்"ன்னு வந்து நிப்பார். தனிச்சுவர்னா அஸ்திவாரத்தையும் கவனிங்க. மண்ணுக்குக் கீழ அது சுவரை விட அகலமா இருக்கும், அதுவும் உங்க எல்லைக்குள்ளயே இருக்கணும்.

இப்போ விதிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டுல கட்டடங்களுக்கு அடிப்படை, 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அம்பத்தூர் 2011-ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்ததால உங்க ஆபீஸ் 7-வது மண்டல அலுவலகம். ஆவடிக்குத் தனி மாநகராட்சி, பூந்தமல்லிக்கு நகராட்சி. அயப்பாக்கம் மாதிரி ஊராட்சிப் பகுதிகளும் பக்கத்துலயே இருக்கு. அதனால "என் நண்பன் அங்க இப்படித்தான் கட்டினான்"ங்கிறதை நம்பி இறங்காதீங்க.

உயரத்துக்கு தேசிய கட்டட விதித்தொகுப்பு ஒரு நல்ல அளவுகோல் கொடுக்குது. அது மாதிரி விதிதான், மாநில விதிதான் நம்மைக் கட்டுப்படுத்தும். ஆனா அதோட லாஜிக் புரிஞ்சா போதும். முன்தெருவோட நடுக்கோட்டுல இருந்து 1.5 மீட்டர், அதாவது சுமார் 5 அடி வரைக்கும் சுவர். 2.4 மீட்டர் வரைக்கும் போகணும்னா மேல 0.9 மீட்டர் கிரில் மாதிரி திறந்த அமைப்பா இருக்கணும். மூலை மனைன்னா, தெருக்கள் சந்திக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் 10 மீட்டர் நீளத்துக்கு சுவர் 0.75 மீட்டர்தான், அதுக்கு மேல கிரில். திரும்புற பைக்காரருக்கு எதிர்ல வர்ற வண்டி தெரியணும், அவ்வளவுதான். மூலை மனைக்குக் கூட விலை கொடுத்து வாங்கிட்டு, மூலையில விட வேண்டிய சாய்வெட்டையும் சேர்த்து மூடிட்டு, பிளான் அனுமதி நேரத்துல மாட்டிக்கிறவங்க நிறைய. பிளான் வரையும்போதே காம்பவுண்ட், கேட், உயரம் எல்லாத்தையும் அதுல காட்டச் சொல்லிடுங்க.

செட்பேக்கும் இதோட சம்பந்தப்பட்டதுதான். பக்கத்துல விட வேண்டிய காலி இடத்தை மனை எல்லையில இருந்துதான் அளப்பாங்க. பக்கத்துச் சுவர் உங்க பக்கம் வந்திருக்கிறது தெரியாம, அந்தச் சுவர்ல இருந்து அளந்து கட்டினா வீடே தள்ளிப் போயிடும். மனையோட அகலமும் பேப்பர்ல ஒண்ணு, தரையில ஒண்ணுன்னு ஆகிடும். பேங்க் இன்ஜினியர் வேல்யுவேஷனுக்கு வரும்போது இது வெளிய வரும்.

தெருப்பக்கம் இன்னும் கவனம் தேவை. சுவரை ஒரு அடி ரோட்டுல இழுக்கிறது, மழைநீர் வடிகால் மேல சரிவுப் பாதை போடுறது எல்லாம் ஆக்கிரமிப்பு. எத்தனை வருஷம் இருந்தாலும் மாநகராட்சி எடுக்கலாம். பாடியில இருந்து திருநின்றவூர் வரைக்கும் சி.டி.எச். ரோட்டை அகலப்படுத்துற பேச்சு பல வருஷமா இருக்கு. அந்த மாதிரி ரோட்டோரம் வாங்குறவங்க, நிலம் எடுத்தா பத்திரத்துல இருக்கிற நிலத்துக்குத்தான் இழப்பீடு, வெளிய இழுத்துக் கட்டின இடத்துக்கு இல்லைன்னு தெரிஞ்சு வாங்கணும்.

ரோடு போடப் போட உயர்ந்து, வீடு பள்ளத்துக்குப் போறது கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு அப்புறம் பல பேர் பழைய சுவர் மேலயே ரெண்டு மூணு வரிசை ஏத்திக் கட்டினாங்க. இதுதான் எனக்குப் பயம். அஸ்திவாரம் பழைய உயரத்துக்குப் போட்டது. ஒரு பக்கம் மண்ணோ தண்ணியோ தேங்கினா சுவர் அப்படியே சாயும். 2014 ஜூலையில செங்குன்றம் பக்கம் உப்பரபாளையத்துல கிடங்குச் சுவர் விழுந்து 11 தொழிலாளர்கள் இறந்தாங்க. 2019 டிசம்பர் 2-ல மேட்டுப்பாளையம் நடூர்ல ஒரு வீட்டு காம்பவுண்ட் சுவர் மழையில விழுந்து 17 பேர் போனாங்க, அந்த வீட்டுக்காரர் கைதானார். உயர்த்தணும்னா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஃபீஸ் கொடுங்க. தண்ணி வெளியேற ஓட்டையும் விடுங்க.

வேலைக்காக பெங்களூர்லயோ வெளிநாட்டுலயோ இருந்துட்டு இங்க காலி மனை வெச்சிருக்கீங்களா? செங்கல் சுவர் அவசரமில்லை. கல்தூண் நட்டு முள்கம்பியோ, ரெடிமேட் சிமெண்ட் பலகைச் சுவரோ போதும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை போய் நின்னு, தேதியோட போட்டோ எடுத்துட்டு வாங்க. தனியார் நிலத்தை வேற ஒருத்தர் வெளிப்படையா, உங்க உரிமையை மறுத்து 12 வருஷம் அனுபவிச்சா, காலவரையறைச் சட்டப்படி அதை மீட்குற உரிமையே போயிடலாம். அவர் சுவர் உள்ள வந்திருக்குன்னு தெரிஞ்சா நீங்களே கடப்பாரையைத் தூக்காதீங்க. போலீஸ் கேஸ் உங்க மேல திரும்பும். வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சிவில் கோர்ட். கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரை நியமிச்சு சர்வேயரோட அளக்க வைக்கலாம்.

கட்டின வீடு வாங்குறவங்களுக்கும் இதே கதைதான். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி காம்பவுண்டுக்குள்ள நாலு பக்கமும் அளங்க. பத்திரத்துல 2,400 இருந்து தரையில 2,340 இருந்தா, அந்த 60 சதுர அடியை விலையில குறைக்கச் சொல்ல நேரம் அதுதான். அக்ரிமென்ட் போட்டப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க.

கடைசியா பில். காம்பவுண்ட் கட்டின செலவு, மனையை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்குல மேம்பாட்டுச் செலவா சேரும். மேஸ்திரிக்கு ரொக்கமா கொடுத்து, துண்டுச் சீட்டுல கணக்கு எழுதி வெச்சா பத்து வருஷம் கழிச்சு நிரூபிக்க முடியாது. பேங்க் மூலமா கொடுத்து, செங்கல், சிமெண்ட் பில்லோட சர்வேயர் ஸ்கெட்ச்சையும் ஸ்கேன் பண்ணி பத்திரம் இருக்கிற ஃபோல்டர்லயே போட்டுடுங்க.