டவர் கைவிட்ட காட்டில் வண்டிகள் பேசினால்...

ஹனூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் புறப்படும் டிரைவருக்குத் தெரியவேண்டியவை அதிகமில்லை. அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே? இந்நேரத்தில் பஞ்சர் கடை திறந்திருக்குமா? ஆஸ்பத்திரி எத்தனை தூரம்?

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் (1997 வரை மைசூர் மாவட்டம்) உள்ள இந்த ஊரிலிருந்து மலைக்கோயில் சுமார் 50 கி.மீ. கௌதள்ளி கடந்து தாளபெட்டா வந்ததும் காடு, கொண்டை ஊசி வளைவுகள். மலைக்கு அந்தப்புறம் பாலாறு, கொளத்தூர், மேட்டூர். அமாவாசைக்கு சேலம் மாவட்டத்து பக்தர்கள் வண்டி வண்டியாக ஏறிவரும் வழி அது. காட்டுக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் விட்டுப்போகும்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பதில், வண்டிகளையே பேசவைப்பது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்ன ரேடியோ. பங்க்கிலும் ஒர்க்ஷாப்பிலும் ஒவ்வொன்று. 'டீசல் உண்டு, இரவு 10 மணி வரை' என்று ஹனூர் பங்க் சொல்வதை, சில நூறு மீட்டருக்குள் கடந்துபோகும் பஸ் வாங்கிக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கிவரும் லாரியிடம் ஒப்படைக்கும். எதிரே வண்டியே இல்லையென்றால் சுமந்துகொண்டே போகும். டவர் தேவையில்லை.

டிரைவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. வளைவில் யானை நின்றால் எதிர்வண்டிக்கு ஹெட்லைட்டை அணைத்து அணைத்துக் காட்டுவதும், நடுவழியில் நின்றவரின் சேதியை பஸ் கண்டக்டர் மெக்கானிக்கிடம் சேர்ப்பதும் இதே வேலைதான்.

வண்டிகளின் பேச்சுக்கென அமெரிக்கா 1999-லேயே 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கியது. கார் கம்பெனிகள் அவசரப்படவில்லை. 2020-ல் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திருப்பிவிட்டார்கள். இந்தியாவில் 2019 முதல் பதிவாகும் புதிய பஸ், டாக்ஸிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அபாய பட்டனும் கட்டாயம். ஆனால் அந்தக் கருவிக்குள் இருப்பது செல்போன் சிம். சிக்னல் இல்லாத இடத்தில் விவரங்களைச் சேமித்துவைத்து, பிறகே அனுப்பும். காட்டு வளைவில் மாரடைப்பு வந்த பயணிக்கு அந்தப் 'பிறகு' பயன்படாது. 2021-ல் கட்டாயமான ஃபாஸ்டேகோ சுங்கச்சாவடி போன்ற இடங்களில் மட்டுமே வாய் திறக்கும்.

இந்த யோசனையின் பலவீனமும் வெளிப்படையானது. நூறில் ஒரு வண்டியில் மட்டும் ரேடியோ இருந்தால் அது யாருடன் பேசும்? ஆகவே கார்களை நம்பாமல், கொள்ளேகாலுக்கும் மலைக்கும் இடையே தினமும் ஓடும் அரசு பஸ்களில் தொடங்குவதே புத்திசாலித்தனம். குறித்த நேரத்தில், குறித்த பாதையில் போய்வரும் தபால்காரர்கள் அவை.

தபால் பொய்யாக இருந்தால்? வீரப்பன் 2004-ல் சுட்டுக்கொல்லப்படும் வரை மக்கள் அஞ்சி அஞ்சிக் கடந்த சாலை இது. 'இரண்டு கி.மீ.யில் ஒர்க்ஷாப்' என்று யாரோ அனுப்பும் சேதியை நம்பி நள்ளிரவில் வண்டியைத் திருப்ப முடியாது. அதனால்தான் ஒவ்வொரு சேதியிலும் மின்னணு முத்திரை வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். கௌதள்ளியில் பஞ்சர் ஒட்டுபவருக்கு அந்த முத்திரையைத் தரப்போவது ஆர்டிஓவா, பஞ்சாயத்தா?